பச்சைப்பிள்ளையைத் துணியில் பொதிவது எப்படி: கைக்கு அணைப்பு, காலுக்கு இடம்

எனக்கு மூத்தவள் மார்கழியில் பிறந்தாள். இளையவன் 2022 சித்திரையில். அதற்குச் சற்று முன், பங்குனி முடிவில், இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்ற காலம் அது. ஒருத்திக்கு வாடைக்காற்று, மற்றவனுக்கு வெக்கை. வீடு அதே வீடு, அம்மம்மா அதே அம்மம்மா, துணியும் அதே வேட்டித்துண்டுதான். ஆனால் இரண்டு பேரையும் ஒரே மாதிரிப் பொதிய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி ஒரு நிமிடத்தில் பிள்ளையைச் சுற்றிக் கையில் தந்துவிடுவார். வீட்டுக்கு வந்து முதல்தரம் அவிழ்த்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். அம்மா ஒன்று சொல்லுவா, மாமி வேறொன்று சொல்லுவா, லண்டனில் இருக்கும் அக்கா வீடியோ கோலில் இன்னொன்று காட்டுவா. அந்த முதல் வாரத்தில் இருக்கிற தாய்தகப்பனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் பொதிகிறோம்

பத்து மாதம் மடங்கிச் சுருண்டு, நாலு பக்கமும் அணைப்போடு இருந்த பிள்ளை அது. வெளியே வந்ததும் கையும் காலும் முட்டுவதற்கு எதுவும் இல்லை. கதவு அடித்தாலோ, படுக்கையில் கிடத்தும்போது தலை சற்றுச் சரிந்தாலோ இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். அந்தத் திடுக்கத்திலேயே நித்திரையும் குழம்பும். "பிள்ளை பயந்திட்டுது" என்று எங்கள் வீடுகளில் நூல் கட்டுவார்கள். அது பயமல்ல. மோரோ எனப்படும் அனிச்சைச் செயல் அது. பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டியது, 4 முதல் 6 மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். துணியால் கைகளை மெதுவாக அணைத்து வைத்தால் திடுக்கிட்டாலும் முழிக்காமல் உறங்கும். பொதிவதால் கிடைக்கும் பலன் அவ்வளவுதான். பொதியாமலே நன்றாக நித்திரை கொள்ளும் பிள்ளையைப் பொதிய வேண்டிய தேவையே இல்லை.

பிறந்த முதல் மணிநேரத்தில் துணியைவிடத் தாயின் நெஞ்சுதான் பிள்ளைக்கு வேண்டும். வெறும் மேலோடு நெஞ்சில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது சூட்டையும் தரும், பால் குடிக்கவும் பழக்கும். 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ, நாளுக்கு முந்தியோ பிறந்த பிள்ளை என்றால் இப்படி நெஞ்சோடு வைத்திருப்பதுதான் முக்கியம். அப்படிப் பிறந்த பிள்ளையைப் பொதிவது பற்றி வைத்தியரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கால் விஷயம்

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் பெரும்பகுதி நல்லது. இந்த இடத்தில்தான் பெரிதாகப் பிழையாகிவிட்டது.

மூத்தவளைக் கொண்டுவந்த இரண்டாம் நாள் அம்மம்மா அவளுடைய இரண்டு காலையும் நேராக இழுத்து, சேர்த்துப் பிடித்து, முழங்காலுக்கு மேலால் துணியை இறுக்கிச் சுற்றினா. "இப்ப நிமிர்த்தி வைக்காட்டி வளர்ந்தாப்போல கால் வளைஞ்சு போகும் பிள்ளை" என்றா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தக் கிழமை வீட்டுக்கு வந்த குடும்பநல மிஸ்ஸி பிள்ளையைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் துணியைத் தளர்த்தினா. அடுத்த கணமே இரண்டு முழங்காலும் மடிந்து மேலே வந்து, தவளைக் கால் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்தன. "பாருங்கோ ஆச்சி, அவ தானா எப்பிடி வைச்சிருக்கிறா எண்டு. இதுதான் அவவின்ர இடம். இப்பிடியே விடுங்கோ" என்றா. அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை பிள்ளையளுக்கும் நாங்கள் செய்தது?" என்று மட்டும் கேட்டா.

பிறந்த பிள்ளையின் இடுப்பு மூட்டு முழுக்க எலும்பாகி இருக்காது. குழியில் பெரும்பகுதி குருத்தெலும்பு, சுற்றியுள்ள தசைநார்களும் தளர்ச்சி. தொடை எலும்பின் பந்து போன்ற தலை அந்தக் குழிக்குள் ஒழுங்காக அமர்ந்திருந்தால்தான் குழி சரியான ஆழத்துக்கு வளரும். தொடை மடிந்து அகன்றிருக்கும்போது அது நன்றாக அமரும். காலை நேராக இழுத்துச் சேர்த்துக் கட்டினால் வெளியே தள்ளுப்படும். ஜப்பானிலும் காலை நேராக்கிக் கட்டும் வழக்கம் இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் அதை விடச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதன்பின் இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகளின் தொகை அங்கே பல மடங்கு குறைந்தது.

கால் வளைவு என்று பெரியவர்கள் பயப்படுவது கருப்பையில் மடங்கி இருந்ததால் வந்த வளைவு. பிள்ளை நடக்கத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு வயதாகும்போது தானாக நிமிரும். துணி கட்டி நிமிர்த்த முடியாது.

வயிற்றில் தலை மேலாக, இடுப்பு கீழாக இருந்த பிள்ளைக்கும், தாய்தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இடுப்பு மூட்டுப் பிரச்சினை இருந்த பிள்ளைக்கும் இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் முதற்பிள்ளைகளுக்கும் இது சற்றுக் கூடுதலாக வரும். நப்பி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல அகலவில்லை, தொடை மடிப்பு ஒரு பக்கம் வேறுமாதிரி இருக்கிறது, இரண்டு காலையும் மடித்தால் ஒரு முழங்கால் பதிந்து நிற்கிறது என்று பட்டால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் காட்டுங்கள். நேரத்தோடு கண்டால், காலை மடித்து அகட்டி வைக்கும் பட்டி போட்டே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

துணி

பழைய நூல் வேட்டியை வெல்ல எந்தக் கடைத்துணியாலும் முடியாது. பல தரம் தோய்த்து மெத்தென்று ஆகியிருக்கும், காற்றும் போகும். நாலுமுழ வேட்டியை நடுவால் வெட்டினால் ஏறக்குறையச் சதுரமாக இரண்டு துண்டு வரும். சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பை மடித்துத் தையுங்கள். விளிம்பிலிருந்து கழன்ற நூலோ, தாயின் தலைமயிரோ பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுகினால் விரல் வீங்கி இரத்தோட்டமே நிற்கலாம். காரணம் தெரியாமல் வீரிட்டு அழும் பிள்ளையின் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள்.

புதிதாக வாங்குவது என்றால் புடவைக்கடையில் மெல்லிய மல் துணியோ வொயிலோ ஒரு மீற்றர் சதுரமாகக் கேளுங்கள். நூறு வீதம் பருத்தியாக இருக்க வேண்டும். பொலியெஸ்டர் கலந்தது வேண்டாம். ஆறு துண்டு இருந்தால் மாரிகாலத்தில் காயாவிட்டாலும் சமாளிக்கலாம்.

அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்த வேட்டியையோ சேலையையோ எடுத்து நேரே பிள்ளையைச் சுற்ற வேண்டாம். அந்த நப்தலீன் ஆவி தோலாலும் மூச்சாலும் உள்ளே போகும். ஜீ6பீடீ என்ற நொதியம் குறைவான பிள்ளைகள் சிலர் உண்டு. வெளியில் பார்த்தால் தெரியாது. அவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். ஒரு தரம் தோய்த்தால் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம். உருண்டை படாத துணியையே தேடி எடுங்கள். துணிக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பதும் இதேபோலத்தான். வாசம் எங்களுக்கு, புகை பிள்ளையின் நெஞ்சுக்கு. வெயிலில் காய்ந்தாலே துணிக்கு வேண்டிய சுத்தம் கிடைத்துவிடும்.

வெளிநாட்டுப் பார்சலில் வரும் தடித்த கம்பளிப் பொதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்தவளுக்குக் கனடாவில் இருந்து ஒன்று வந்தது. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். மார்கழிதானே என்று ஓரிரவு அதில் சுற்றினேன். சாமத்தில் பார்க்கும்போது முகம் சிவந்து, பிடரி முழுக்க வியர்வை. அவிழ்த்து நெஞ்சில் போட்ட பிறகும் எனக்குக் கை நடுங்கியது. அவை பனி கொட்டும் நாட்டுக்குச் செய்தவை. பொதி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்று காட்ட, அதில் டொக் என்று ஓர் எண் போட்டிருக்கும். 2.5 என்றால் குளிர்நாட்டு அறைக்கு. எங்களுக்கு 0.2 அல்லது 0.5 போதும். பாரமான மணிகள் வைத்துத் தைத்த பொதி வந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம், பிள்ளையின் நெஞ்சு அந்தப் பாரத்தைத் தாங்காது.

பொதியும் முறை

பிள்ளை வர முதலே பழகுங்கள். சின்னத் தலையணை ஒன்றை வைத்து என் கணவர் நாலைந்து தரம் பழகினார். இப்போதும் என்னைவிட அவர்தான் நன்றாகச் சுற்றுவார்.

பால் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை எடுத்து, நப்பி மாற்றிய பிறகு தொடங்குங்கள். பசியோடு அழுகிற பிள்ளையைப் பொதிந்து அடக்கக் கூடாது. கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பி வாயால் தேடுவது எல்லாம் "பால் தா" என்ற பேச்சு. கையைக் கட்டினால் அந்தப் பேச்சு எங்களுக்குத் தெரியாமல் போகும். பிறந்த பிள்ளைக்கு 24 மணிநேரத்தில் 8 முதல் 12 தரம் பால் வேண்டும் என்பதால், பொதிந்த பிள்ளை நீண்ட நேரம் சத்தமில்லாமல் கிடந்தால் எழுப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது அவிழ்த்துவிட்டுக் கொடுங்கள்.

கையில் வசம்பு வளையலோ காப்போ கிடந்தால் கழற்றுங்கள். துணிக்குள் அமர்ந்து தோலை வெட்டும். கழுத்தில் நூலோ சங்கிலியோ இருக்கவே கூடாது.

துணியைக் கட்டிலில் விரித்து, ஒரு மூலை மேலே, ஒரு மூலை கீழே வரும்படி வையுங்கள். மேல் மூலையை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய உள்ளே மடியுங்கள். அந்த மடிப்பில் தோள் படும்படி பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள். மடிப்பு தோள் மட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்தும் தலையும் துணிக்கு வெளியே நிற்க வேண்டும். மடிப்புக் கழுத்துக்கு ஏறிவிட்டால், பிள்ளை அசைய அசையத் துணி வாயை மூடப் பார்க்கும்.

பிள்ளையின் வலது கையை முழங்கையில் சற்று மடித்தபடி உடம்போடு வையுங்கள். விறைப்பாக நீட்ட வேண்டாம். அந்தப் பக்கத்து மூலையை எடுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய், இடது கைக்குக் கீழால் விட்டு முதுகுக்குக் கீழே செருகுங்கள். இடது கை இன்னும் வெளியே இருக்கும். இப்போது அதையும் அதேபோல மடித்து வைத்து, மற்ற மூலையைக் குறுக்கே கொண்டுவந்து வலது பக்க முதுகுக்குக் கீழே செருகுங்கள். துணி இறுகுவது இந்த இரண்டு கையோடும் நின்றுவிட வேண்டும்.

மிஞ்சி இருப்பது கீழ் மூலை. அதை இழுக்காமல், பிள்ளையின் காலுக்குக் கீழே ஒரு பை தொங்குவது போல இடம் விட்டு, மூலையை மெதுவாக முறுக்கி அல்லது மடித்து முதுகுப் பக்கமாகச் செருகுங்கள். அந்தப் பைக்குள் பிள்ளை இரண்டு முழங்காலையும் மடித்து, வயிற்றுப் பக்கம் தூக்கி, அகட்டி உதைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தொப்புள்கொடி விழாத பிள்ளை என்றால் நப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்து விடுங்கள். அதில் எதுவும் பூச வேண்டாம். ஊசி, கிளிப் எதுவும் குத்த வேண்டாம். செருகியது நிற்கவில்லை என்றால் துணி சிறிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு பாருங்கள். உங்கள் இரண்டு மூன்று விரல் நெஞ்சுக்கும் துணிக்கும் இடையில் இலகுவாகப் போக வேண்டும். மூச்சு விடும்போது நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது தெரிய வேண்டும். துணி நாடிக்குக் கீழே நிற்க வேண்டும். உதைத்து இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்து முகத்துக்கு வரும் அளவுக்குத் தொளதொளத்தாலும் ஆபத்துத்தான். அப்படி வந்தால் திரும்பச் சுற்றுங்கள்.

சில பிள்ளைகளுக்குக் கையை உடம்போடு வைத்தால் பிடிக்காது, நெளிந்து நெளிந்து வெளியே எடுக்கும். என் இளையவன் அப்படி. இரண்டு கையையும் நெஞ்சில், வாய்க்குக் கிட்ட மடித்து வைத்துச் சுற்றினேன். கையைச் சூப்பிக்கொண்டு நித்திரையாகிவிடுவான்.

எங்கே கிடத்துவது

பொதிந்த பிள்ளையை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். குப்புறவோ பக்கவாட்டிலோ கிடத்தினால், முகம் அழுந்தும்போது கையை ஊன்றி விலக அதற்கு வழியில்லை. நித்திரையிலேயே பிள்ளை திடீரென இறக்கும் ஆபத்து இதனால் மிகக் கூடும். மெத்தை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். நுளம்பு வலையை முகத்தில் விழாமல் நன்றாக இழுத்துக் கட்டுங்கள்.

ஏணை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நானும் ஏணையில் ஆடி வளர்ந்தவள்தான். ஆனால் சேலையின் வளைவில் பிள்ளையின் நாடி நெஞ்சில் குத்தி, மூச்சுக்குழாய் மடங்கலாம். பொதிந்த பிள்ளைக்குத் தலையைத் திருப்பித் தப்பவும் கை உதவாது. ஏணையில் ஆட்ட வேண்டுமானால் அவிழ்த்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் ஆட்டுங்கள். நித்திரையானதும் மட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். தாயோடு ஒரே பாயில், ஒரே கட்டிலில் பொதிந்தபடி படுக்க வைப்பதும் கூடாது. பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் தனிப் படுக்கை போதும்.

வெக்கையும் குளிரும்

சித்திரை, வைகாசியில் பகல் 34 பாகைக்கும் ஏறும். அப்போது நப்பி மட்டும் போட்டு, மேலே ஒற்றை மல் துணி. அதுவும் வியர்த்தால் பொதியவே வேண்டாம். சோளகம் வீசுகிற ஆனி, ஆடியில் யன்னலைத் திறந்துவிட்டால் பெரிய உதவி. ஃபேன் போடலாம், முகத்துக்கு நேரே அடிக்காமல் பாருங்கள். கரண்ட் நின்றால் முதல் வேலையாகப் பொதியை அவிழ்ப்பேன். 2022இல் அப்படி எத்தனை சாமம் இளையவன் வெறும் நப்பியோடு என் பக்கத்தில் கிடக்க, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். மார்கழி, தை இரவுகளில் 22, 23 பாகைக்கு இறங்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, மேலே ஒற்றைத் துணி. அதற்கு மேல் கம்பளி தேவையில்லை.

சூடு பார்ப்பது பிடரியில். அல்லது நெஞ்சில். கையும் காலும் குளிர்ந்திருப்பது பிறந்த பிள்ளைக்கு வழக்கம். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் எங்கள் அம்மாமார் இன்னொரு துணியைச் சுற்றுவார்கள். பிடரி நனைந்திருந்தாலோ, முகம் சிவந்து, மூச்சு வேகமாகி, வியர்க்குரு போட்டிருந்தாலோ ஒரு துணியைக் குறையுங்கள். நித்திரையில் தொப்பியும் வேண்டாம், பிள்ளை தலையாலும் நிறையச் சூட்டை வெளியே விடும்.

பொதி மறைக்கும் விஷயங்கள்

நாள் முழுக்கப் பொதிந்தே வைத்திருக்கும் பிள்ளையில் மஞ்சள் ஏறுவதும் தெரியாது, மூச்சு இழுப்பதும் தெரியாது. அதனால் முழித்திருக்கும் நேரமெல்லாம் அவிழ்த்து விடுங்கள். காலையில் யன்னலோர வெளிச்சத்தில் உடம்பு முழுக்க ஒருதரம் பாருங்கள். மஞ்சள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுப்பது, கக்கத்தில் 37.5 பாகை அல்லது கூடுதலாகக் காய்ச்சல், 35.5க்குக் கீழே உடம்பு குளிர்வது, தொட்டு எழுப்பினாலும் துவண்டு கிடப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் பொதிந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பொழுதுபட்டால் அழும் அழுகை வேறு. இரண்டாவது கிழமை அளவில் தொடங்கி, ஆறாவது கிழமையில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். கண்ணூறு என்பார்கள். கழிப்பதைக் கழியுங்கள், ஆனால் மிளகாய்ப் புகை பிள்ளைக்குக் கிட்ட வரக் கூடாது. அந்த நேரம் பொதிவது சில பிள்ளைகளுக்கு உதவும். தோளில் போட்டு முற்றத்தில் நடப்பது இன்னும் கூட உதவும்.

எப்போது நிறுத்துவது

பிள்ளை பக்கவாட்டில் சரியத் தெண்டிக்கத் தொடங்கிய அன்றே. மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம். சில பிள்ளைகள் இரண்டு மாதத்திலேயே தொடங்கிவிடும். சரிந்து குப்புற விழுந்தால் கை கட்டுப்பட்ட பிள்ளை எழும்பாது. "31ஆம் நாள் துடக்குக் கழியட்டும், மூன்று மாதம் முடியட்டும்" என்று தவணை வைப்பது ஆபத்து.

அந்த அடையாளம் வர முதலே, ஏழாம் எட்டாம் கிழமையில் மெல்லப் பழக்கினால் இலகு. முதலில் ஒரு கையை வெளியே விட்டு நாலைந்து இரவு. பிறகு இரண்டு கையும் வெளியே, நெஞ்சைச் சுற்றி மட்டும் துணி. கடைசியில் அதுவும் இல்லாமல். மூத்தவளுக்கு நாலு இரவு போதுமாக இருந்தது. இளையவனுக்குப் படிப்படியாகப் பழக்க நேரம் கிடைக்கவில்லை. ஒன்பதாம் கிழமை ஒரு விடியப்புறம் பார்க்கும்போது துணிக்குள் இருந்தபடியே பாதி சரிந்து கிடந்தான். அன்றோடு வேட்டித்துண்டைத் தோய்த்து மடித்து, ஏவறை எடுக்கும்போது தோளில் போடும் துணியாக்கிவிட்டேன். மூன்று இரவு இரண்டு பேரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. நாலாவது இரவு இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்தபடி தூங்கினான்.